உதவித்தொகையும் பட்டமும்: அமெரிக்கக் கல்லூரித் தேர்வில் விடுபடும் கணக்கு

கடன்படாமல் பட்டம் பெற வேண்டுமா, தகுதி உதவித்தொகை தரும் கல்லூரியில் சேர்: அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. நியாயமும் உண்டு. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் நிறுவனங்களும் மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்ப நிலையைப் பார்த்தே தருகின்றன. பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் நான்காண்டுகளில் தம் பெயரில் பெறக்கூடிய அரசுக் கடனோ 27,000 டாலர்தான். மிச்சம் பெற்றோர் தலையில் விழுகிறது. திவாலானாலும் இக்கடன்கள் எளிதில் தள்ளுபடியாவதில்லை.

ஆயினும் இந்த அறிவுரை பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது என்பதே என் வாதம். பட்டம் முடியாவிட்டால் குறைந்த கட்டணமும் நட்டமே.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆடம்ஸ் உதவித்தொகை இதற்குத் தக்க சான்று. மாநிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் தள்ளுபடி. கேட்கப் பெரிய சலுகை. ஆனால் அக்கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் சிறியதாக இருந்தது; பிற கட்டணங்களே பெரும்பகுதியாக இருந்தன. இந்தச் சிறு தொகைக்காக மாணவர்கள், பட்டம் முடிப்போர் விகிதம் கூடுதலாக இருந்த வேறு கல்லூரிகளை விட்டுவிட்டு வந்தார்கள். தகுதி மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும் கீழும் நின்றவர்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் கோஹோட்ஸும் குட்மேனும் 2014இல் வெளியிட்ட முடிவு வருந்தத்தக்கது: உதவித்தொகையைப் பயன்படுத்தியதால் பட்டம் முடிக்கும் வாய்ப்பே குறைந்தது. பரிசு என்று கொடுத்தது பாதையை மாற்றிவிட்டது.

இதற்கு மறுப்பாக டேல், க்ரூகர் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டலாம். புகழ்மிக்க கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடம் சென்றவர்கள், பெரும்பாலும், பிற்காலத்தில் குறைவாகச் சம்பாதிக்கவில்லை என்றது அது. இரண்டும் முரண்படவில்லை. கல்லூரியின் பெயரை விட்டுக்கொடுக்கலாம். படிப்பை முடிக்க வைக்கும் திறனை விட்டுக்கொடுக்கக் கூடாது. மேலும், வறிய குடும்பத்து மாணவர்களுக்குத் தேர்ந்த கல்லூரி பயன் தந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. தவறான தேர்வைத் தாங்கும் வசதி அவர்களுக்குத்தான் மிகக் குறைவு.

அடுத்தது, உதவித்தொகையோடு வரும் நிபந்தனை. ஜார்ஜியா மாநிலம் 1993இல் தொடங்கிய ஹோப் உதவித்தொகையைத் தக்கவைக்க நான்குக்கு மூன்று என்ற சராசரி மதிப்பெண் வேண்டும். விளைவாக, முதலாண்டு மாணவர்களிடையே முழுப் பாடச்சுமை ஏற்பது குறைந்தது, பாடங்களை நடுவில் கைவிடுவது கூடியது. மதிப்பெண்ணைக் காக்கப் படிப்பையே சுருக்கிக்கொண்டார்கள். அவர்கள்மீது பழி சொல்ல எனக்கு மனமில்லை.

உதவித்தொகை போக மிஞ்சும் நிகரக் கட்டணத்தைக் கணித்துக் காட்டும் வசதி 2011 முதல் கல்லூரிகளின் இணையதளங்களில் கட்டாயம். அது முதலாண்டு மாணவருக்கான மதிப்பீடு மட்டுமே; பின்னர் உதவித்தொகை பறிபோகும் வாய்ப்பை அது காட்டாது. நிபந்தனையோடு தந்த உதவித்தொகையை எத்தனை மாணவர் இழந்தனர் என்ற எண்ணிக்கையைச் சட்டக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் விதித்திருக்கிறது. அதே விதியை இளநிலைக் கல்லூரிகளுக்கும் கொண்டுவர வேண்டும். அதுவரை, அந்த எண்ணிக்கையையும் பட்டம் முடிப்போர் விகிதத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறாமல் எந்தக் குடும்பமும் சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம்.