கட்டடத் தகவல் மாதிரியாக்கம்: புனேயில் அதைக் கற்ற வரலாறு

எழுப்பப்போகும் கட்டடத்தை முன்கூட்டியே கணினிக்குள் முப்பரிமாண உருவாக அமைத்து, அதன் ஒவ்வொரு உறுப்போடும் அதற்குரிய விவரங்களைச் சேர்த்து வைக்கும் முறை கட்டடத் தகவல் மாதிரியாக்கம். தொழிலில் இருப்பவர்கள் ‘பிம்’ என்கிறார்கள். இதில் சுவர் என்பது இரண்டு கோடுகளோடு நிற்பதில்லை. தடிமன், உயரம், கட்டுப்பொருள், பூச்சு எல்லாம் அதனுடன் வரும். தளப்படத்தில் ஒரு சன்னலை நகர்த்தினால் வெட்டுமுகமும் முகப்பும் சன்னல் பட்டியலும் தாமே திருத்திக்கொள்ளும்.

இந்தச் சிந்தனையின் வேர் 1970களில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் கட்டடத்தைத் தரவுத்தளமாக விவரிக்கும் முறையை வகுத்தார். புடாபெஸ்டில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1980களில் ஆர்க்கிகேட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ரெவிட் என்ற மென்பொருள் 2000இல் வெளியானது. 2002இல் ஆட்டோடெஸ்க் அதை விலைக்கு வாங்கியது. கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் அதே நிறுவனத்தின் பொருள் என்பதால், ஆட்டோகேடில் பழகியிருந்த இந்திய அலுவலகங்களுக்கு ரெவிட் எளிதில் வந்து சேர்ந்தது.

புனேக்குப் பொறியியல் படிப்பு புதிதன்று. பொதுப்பணித் துறையின் கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவிக்க 1854இல் இங்கே தொடங்கிய வகுப்பே பின்னாளில் புனே பொறியியல் கல்லூரி ஆனது. நம் கிண்டி கல்லூரி இதற்கு அறுபதாண்டு மூத்தது. 1988இல் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் வந்தது. பெண்களுக்கான பானுபென் நானாவதி கட்டடக்கலைக் கல்லூரி 1990களில் கர்வேநகரில் எழுந்தது. கட்டுமான மேலாண்மைக்கென 1983இல் நிறுவப்பட்ட நிக்மார் பாலேவாடியில் இயங்குகிறது. கல்லூரிப் பாடத்தால் மட்டும் மென்பொருள் கைவராது என்பதால் தனியார் பயிற்சி நிலையங்களும் பெருகின. 1988இல் சென்னையில் தொடங்கிய கேட் சென்டர் நாடெங்கும் பரப்பிய இந்த வகுப்பறை முறையில், ஆட்டோகேடுக்கு அடுத்த படியாக ரெவிட் சேர்ந்தது.

இந்தக் கற்றலின் உண்மையான கடினம் கட்டளைகளில் இல்லை. அவை சில வாரங்களில் பழகிவிடும். ஆட்டோகேடில் முடிவுகளைத் தள்ளிப்போடலாம். கோட்டை இழுத்துவிட்டு, அது செங்கலா கான்கிரீட்டா என்பதைப் பிறகு யோசிக்கலாம். ரெவிட் அதை முதல் நாளிலேயே கேட்கிறது: தள மட்டங்கள் எங்கே, தூண் அச்சுகள் எங்கே, சுவர் எந்த வகை? பதில் தெரியாத மாணவர், மென்பொருளே தரும் 200 மி.மீ. பொதுச் சுவரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் செங்கற்சுவர் இங்கே பூச்சில்லாமல் 230 மி.மீ.; உட்சுவர் 115 மி.மீ. புனேயிலோ ‘சிபோரெக்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் இலேசான கான்கிரீட் கற்களும் வழக்கத்தில் உண்டு. பி.ஜி. ஷிர்கே குழுமம் சுவீடன் தொழில்நுட்பத்தில் இந்நகரிலேயே தயாரித்ததால் நிலைத்த பெயர் அது. அதன் தடிமன்கள் வேறு. சுவர் தவறினால் அறையின் பரப்பும் தவறும், அளவுப்பட்டியலும் தவறும்.

மென்பொருளோடு வரும் கதவு, சன்னல் தொகுப்புகளும் மேலைநாட்டு வழக்கத்துக்கு உரியவை. கொசுவலையோடு மூன்று தடத்தில் நகரும் அலுமினியச் சன்னல், இரும்புக் கிராதி, வெயிலுக்கும் மழைக்குமான சஜ்ஜா, சமையலறையை ஒட்டித் துணி துவைக்க விடப்படும் ‘டிரை பால்கனி’ ஆகியவற்றை ரெவிட்டில் ‘ஃபேமிலி’ எனப்படும் தொகுப்புகளாக மாணவரே உருவாக்க வேண்டியிருக்கிறது. படிப்பின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே என்பேன். சஜ்ஜா எத்தனை அங்குலம் நீள வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று தெரியாமல் அதை மாதிரியில் வைக்கவே முடியாது. பணித்தளத்தைப் பார்த்தவர் இங்கே முந்திக்கொள்கிறார்.

பிம் இந்நகரின் பொதுவாழ்வில் தெரியத் தொடங்கியது மெட்ரோவோடுதான். 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட புனே மெட்ரோவைக் கட்டிய மகா மெட்ரோ, நாக்பூர் திட்டத்தில் கைக்கொண்ட ஐந்து பரிமாண பிம் முறையை இங்கும் கொண்டுவந்தது. முப்பரிமாண மாதிரியோடு காலமும் செலவும் சேர்ந்தது அது. பாதையின் முதல் பகுதிகள் 2022 மார்ச்சில் திறந்தன. மாவட்ட நீதிமன்ற நிலையம் தரைக்குக் கீழே சுமார் 33 மீட்டர் இறங்குகிறது. இத்தகைய இடத்தில் காற்றுக்குழாய் உத்திரத்தில் முட்டுமா என்பதைத் திரையிலேயே கண்டுபிடிக்கும் மோதல் சோதனையின் அருமை விளங்கும். வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி செய்துதரும் அலுவலகங்களும் புனேயில் வேலை தருகின்றன. அங்கே சேருபவர் தம் ஊர் விதிகளைவிட ஐஎஸ்ஓ 19650 போன்ற பன்னாட்டுத் தரங்களை முதலில் கற்கிறார். 2018இல் வந்த அத்தரம் கோப்புகளுக்குப் பெயரிடுவதையும் பகிர்வதையும் நெறிப்படுத்துகிறது.

இவ்வளவு வந்தும் இருபரிமாணப் படம் ஓயவில்லை. அதற்கான காரணமும் புனேயிலேயே இருக்கிறது. இந்நகரின் சாஃப்ட்டெக் நிறுவனம் உருவாக்கிய ஆட்டோடிசிஆர், அனுமதிக்கு வரும் கேட் படங்களைப் படித்து, பக்கவெளியும் தளப்பரப்புக் குறியீடும் விதிக்கு உட்பட்டவையா என்று சரிபார்க்கும். புனே மாநகராட்சி இதைப் பயன்படுத்தியது. கோடு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பார்த்தே அது சுவரையும் எல்லையையும் பிரித்தறிகிறது. எனவே புதிதாகச் சேருபவரிடம் அலுவலகங்கள் இரண்டையும் எதிர்பார்க்கின்றன: மாதிரியை ரெவிட்டில் எழுப்பவும், அனுமதிப் படத்தை அடுக்குப் பெயர் பிசகாமல் ஆட்டோகேடில் தரவும் தெரிந்திருக்க வேண்டும்.