லொறித் தட்டிலிருந்து பிறோட்வே வரை: லூயிஸ் வால்டெஸின் அரங்கு

மேடை, திரை, ஒளியமைப்பு ஆகியவற்றை நாடகத்தின் இன்றியமையாத உறுப்புகளாகக் கொள்வோர், 1965இல் கலிபோர்ணியாவின் டெலானோ என்னும் சிற்றூரில் நிகழ்ந்தவற்றை நாடகம் என ஏற்கத் தயங்கக்கூடும். அங்கு மேடையாய் அமைந்தது திறந்த லொறியின் தட்டு. நடிகர்கள், திராட்சை பறிக்கும் கூலித் தொழிலாளர். எழுதிய பிரதி இருக்கவில்லை. எனினும் ஐக்கிய அமெரிக்காவில் வாழும் மெக்சிக்க வம்சாவளியினரான சிக்கானோ மக்களின் நவீன அரங்க வரலாற்றை அங்கிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

லூயிஸ் வால்டெஸ் 1940இல் அதே டெலானோவிற் பிறந்தவர். அறுவடைக்கு அறுவடை இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளரே அவருடைய பெற்றோர். சன் ஹொசே அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற பின்னர், சன் பிரான்சிஸ்கோ மைம் குழுவிற் சேர்ந்து, பூங்காக்களில் அரசியல் அங்கதம் நடிக்கும் முறையைக் கற்றார். பெயரில் மைம் என்றிருப்பினும் அது வாய் நிறையப் பேசும் குழுவே.

1965 செப்டெம்பர் 8இல் லரி இட்லியோங் முதலான பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தொழிலாளர் டெலானோவில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். எட்டு நாட்களில் சீசர் சாவெஸின் சங்கமும் இணைந்தது. 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரைத் தன் பாதுகாப்புக்குப் புறம்பாக்கியிருந்தது. எனவே சட்டத்தைத் துணைக்கழைக்க இயலாத சங்கம், தோட்டத்துள் இன்னமும் வேலை செய்து கொண்டிருந்தோரைப் பேசித்தான் வெளியே கொணர வேண்டியிருந்தது. வால்டெஸின் அரங்கு இத்தேவையிலிருந்தே பிறந்தது; கலைக் கோட்பாடு எதுவும் அதற்கு முன்னோடியாய் அமையவில்லை.

ஊர் திரும்பிய வால்டெஸ், தொழிலாளர் சிலரின் கழுத்தில் 'வேலைநிறுத்தக்காரன்', 'கருங்காலி' என்றெழுதிய அட்டைகளைத் தொங்கவிட்டு, மறியலில் நடந்ததை நடித்துக் காட்டும்படி கேட்டார். கருங்காலியாக நின்றவனைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. நாள்தோறும் அச்சுறுத்திய ஒன்று சிரிப்புக்கிடமானது. ஆக்டோ எனப்படும் குறுநாடக வடிவமும், விவசாயத் தொழிலாளர் அரங்கு என்னும் பொருள்படும் 'எல் தியத்ரோ கம்பெசீனோ' குழுவும் இவ்வாறு உருவாயின.

அவ்வாண்டே ஆக்கப்பட்ட 'முதலாளியின் இரு முகங்கள்' இவ்வடிவத்தின் வலிமையை நன்கு காட்டும். பன்றி முகமூடி அணிந்த தோட்ட முதலாளி, தொழிலாளியின் கவலையற்ற வாழ்வைப் பொறாமையோடு புகழ்கிறான். ஈற்றில் இருவரும் இடம் மாறுகின்றனர். முகமூடியும் சுருட்டும் தொழிலாளியிடம் செல்கின்றன. அடியுதை தாங்காத முதலாளி சாவெஸின் பெயரையே கூவி உதவி கோருகிறான். வீடும் நிலமும் காரும் வேண்டாமென விடும் தொழிலாளி, சுருட்டை மாத்திரம் எடுத்துச் செல்கிறான். நூறு துண்டுப் பிரசுரம் சொல்லாததை அந்தச் சுருட்டு சொல்லிவிடுகிறது. 1966இல் தொழிலாளர் சக்கரமெண்டோ நகருக்கு நடைபயணம் சென்றபோது, இரவுதோறும் தங்கிய ஊர்களில் இக்குழு நடித்தது.

1967இல் குழு சங்கத்தைவிட்டுப் பிரிந்தது. போராட்டம் முடியுமுன் விலகியதென்ற குறை சொல்லப்படலாம். திராட்சை ஒப்பந்தங்கள் 1970இலேதான் பரவலாகக் கைச்சாத்தாயின. ஆயினும் பள்ளி, போர், நகர வாழ்வு எனச் சிக்கானோ மக்களின் ஏனைய பிரச்சினைகளை மறியல் வரிசையிலிருந்தவாறே முழுமையாகப் பேசியிருக்க முடியாது.

1978இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறிய 'சூட் சூட்' அவ்விலகலின் பயனாகும். 1942இல் நிகழ்ந்த ஒரு மரணத்துக்காக இளைஞர் 22 பேர் கூட்டாக விசாரிக்கப்பட்டு, 17 பேர் குற்றவாளிகளாக்கப்பட்டு, 1944இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்ட வழக்கே அதன் கரு. தம் வரலாற்றைப் பெருமேடையிற் கண்ட மக்கள் அரங்கை நிறைத்தனர். 1979இல் அது பிறோட்வேக்குச் சென்றது. அங்கு மேடையேறிய முதற் சிக்கானோ நாடகமான அதனை நியூயோர்க் விமர்சகர்கள் பெரும்பாலும் கடுமையாகச் சாடினர். சில வாரங்களில் அது நின்றது. இத்தோல்வியை நாடகத்தின் குறையாக மட்டும் கருதுவது பொருந்தாது. லொஸ் ஏஞ்சல்ஸ் அவையோருக்கு அவ்வழக்கு குடும்ப நினைவு. நியூயோர்க் அவையோருக்கோ அது புதிய செய்தி. 1981இல் வால்டெஸ் அதைத் திரைப்படமாக்கியபோது ஹொலிவூட் அரங்கொன்றினுள்ளேயே படம்பிடித்து, பார்வையாளரையும் படத்தில் இடம்பெறச் செய்தார். 2017இல் அந்நாடகம் லொஸ் ஏஞ்சல்ஸின் அதே அரங்கில், அவருடைய நெறியாள்கையிலேயே மீண்டும் மேடையேறிற்று.