எச்.ஐ.வி. தொற்றும் கண் புற்றுக் கட்டிகளும்

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் கண்ணில் தோன்றும் புற்றுகளில் முக்கியமானவை மூன்று: விழியின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் இமையிணைப் படலத்தில் வரும் செதிள் உயிரணுப் புற்று, கபோசி சார்கோமா, நிணநீர்ப் புற்று. எச்.ஐ.வி. பெரும்பாலும் நேரடியாகப் புற்றை உண்டாக்குவதில்லை. நோய் எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையான சி.டி.4 அணுக்களை அழித்து, உடலில் அடங்கிக் கிடக்கும் மற்ற வைரஸ்கள் தலைதூக்க வழிவிடுகிறது. அந்த மற்ற வைரஸ் எது என்பதற்கு மூன்று நோய்களிலும் ஒரே விடை கிடையாது.

கபோசி சார்கோமாவில் ஐயத்துக்கு இடமில்லை. 1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதியர் கண்டறிந்த மனித ஹெர்ப்பிஸ் வைரஸ்-8 இல்லாமல் இந்தக் கட்டி உருவாவதில்லை. இமையிலோ படலத்திலோ சிவந்த அல்லது கருஞ்சிவப்பான திட்டாகத் தெரியும், வலி இராது. சாதாரண ரத்தக்கசிவு என்று எளிதில் ஏமாந்துவிடலாம். ஆனால் கசிவு சில வாரங்களில் மறைந்துவிடும், இது மறையாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளைத் தொடங்கியதுமே பலருக்கு இக்கட்டி சுருங்கிவிடுகிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும். அது விழித்திரைக்கும் பரவினால் கண்ணழற்சி போலவே தோன்றி மருத்துவரையும் குழப்பும்.

செதிள் உயிரணுப் புற்றின் கதைதான் சிக்கலானது. உகாண்டாவின் கம்பாலாவில் 1970-88 காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 6 பேருக்கு வந்த இந்நோய், 1992இல் 35 பேருக்கு வந்தது. எச்.ஐ.வி. பரவியதும் அதே காலத்தில்தான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, எச்.ஐ.வி.யோடு தொடர்பு உறுதியான புற்றுகளில் இதையும் சேர்த்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான மனித பாப்பிலோமா வைரஸ்தான் இங்கும் காரணமா? சில ஆய்வுகளில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் அது அகப்பட்டது. வேறு சிலவற்றில் ஒன்றில்கூட இல்லை. ஆகவே பழியை அதன்மீது மட்டும் போடுவது அவசரம். வெயிலின் பங்கு இதைவிடத் தெளிவானது. கட்டி வருவது இமைகளுக்கு இடையே வெளிச்சம் படும் இடத்தில், கருவிழியின் விளிம்பை ஒட்டி. உகாண்டா நோயாளிகளின் கட்டிகளில், புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவிலும் புற ஊதாக் கதிருக்கே உரிய சிதைவுகள் காணப்பட்டன. நிலநடுக்கோட்டு வெயிலும் குன்றிய எதிர்ப்பாற்றலும் சேர்ந்ததன் விளைவு என்று கொள்வதே இப்போதைக்குப் பொருந்தும்.

செதிள் உயிரணுப் புற்றுக்கு முதல் சிகிச்சை அறுவைதான். வெட்டியபின் மீண்டும் முளைப்பது பெரிய தொல்லை. கென்யாவில் நடந்து 2016இல் வெளியான சோதனையில், அறுவைக்குப் பின் ஃப்ளூரோயூராசில் சொட்டு மருந்து இட்டவர்களில் ஓராண்டுக்குள் சுமார் 11 விழுக்காட்டினருக்கே கட்டி திரும்பியது. மருந்தில்லாச் சொட்டு இட்டவர்களில் 36 விழுக்காடு. விலை குறைந்த மருந்து என்பதால் ஏழை நாடுகளுக்கு இது பெரிய செய்தி. முற்றவிட்டால் கண்ணையே, சிலவேளை கண்குழியின் திசுக்களையும் சேர்த்து, அகற்ற நேரிடும்.

நம்மிடையே 'கண்ணில் சதை வளர்ச்சி' என்று சொல்லப்படும் தீங்கற்ற வளர்ச்சியும் இதே இடத்தில்தான் வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது எல்லா நேரமும் இயலாது. பலருக்கு இந்தப் புற்றுக்கட்டியே எச்.ஐ.வி.யின் முதல் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. ஆகவே வெட்டி எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இளவயதில் புற்று என்று முடிவு வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.