தடத்துக்கு ஆணையா, ரயிலுக்கு ஆணையா?

கே.எல். சென்ட்ரலில் நின்று பார்த்தால் ரயிலை நடத்தும் இரண்டு முறைகளும் தெரியும். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கேடிஎம் கொமுட்டரின் ஓட்டுநர் சிக்னலைப் பார்த்து ஓட்டுகிறார். கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டியில் ஓட்டுநரே இல்லை. 1998 முதல் கணினிதான் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆணையிடுகிறது. வீட்டில் பலகை போட்டு மாதிரி ரயில் ஓட்டுபவரும் கண்ட்ரோல் பேனல் செய்ய உட்காரும்போது, டிசி (நேர்மின்சாரம்), டிசிசி (டிஜிட்டல் ஆணைக் கட்டுப்பாடு) என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

டிசி முறையில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை போகிறது. வோல்ட் கூடினால் வேகம் கூடும். துருவம் மாறினால் திசை மாறும். மின்சாரம் உள்ள தடத்தில் எந்த இன்ஜின் நின்றாலும் ஓடிவிடும். அதனால் தடத்தைப் பகுதிகளாக வெட்டி, இடையில் பிளாஸ்டிக் இணைப்பான் செருகி, பகுதிக்கு ஒரு டாகிள் சுவிட்ச் வைக்கிறோம்: மேலே தள்ளினால் முதல் கண்ட்ரோலர், கீழே தள்ளினால் இரண்டாவது, நடுவில் விட்டால் மின்சாரம் இல்லை. ஒரு சுவிட்சுக்கு 6 கால். 8 பகுதி என்றால் 48 இடத்தில் ஈயம் வைக்க வேண்டும். பேனலின் முதுகுப்புறம் வயர்க்காடாகிவிடும்.

டிசிசியில் தடம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர், தன் எண்ணுக்கு வரும் ஆணையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வடிவமைத்த இம்முறையை, அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் பொதுத் தரமாக்கியது. பலகைக்கு அடியில் தடித்த இரண்டு வயர் ஓடும். அதிலிருந்து தண்டவாளத் துண்டுகளுக்குக் கிளை வயர்கள் ஏறும். வேலை குறைவு, ஆனால் செலவு இன்ஜின்களின் தலையில் விழும். டாகிள் சுவிட்சைப் புடு ஜாலான் பாசார் கடைகளில் வாங்கிவிடலாம். டிகோடரோ ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்று வேண்டும். பழைய இன்ஜினாக இருந்தால் கூட்டைக் கழற்றி, மோட்டாரின் வயரைப் பிரித்து உள்ளே பொருத்த வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. டிசியில் ஒரு பகுதி செத்தால் அதன் சுவிட்ச், வயர், இணைப்பு என்று தேடினால் போதும். டிசிசியில் தடத்தைத் தனித்தனி வட்டாரமாகப் பிரிக்காவிட்டால், எங்கே ஷார்ட் ஆனாலும் எல்லா ரயிலும் நின்றுவிடும். ஷார்ட் ஆனால் மின்சாரம் நிற்கிறதா என்று அறிய, வயரிங் முடிந்ததும் 20 காசு நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே வைத்தாலும், தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாத இடத்தில் கிளை வயர் போதவில்லை என்று பொருள்.

டிசிசியை எல்ஆர்டியின் தம்பி என்று நினைத்துவிடக் கூடாது. எல்ஆர்டி கணினி ரயில்களுக்கு இடையிலான தூரத்தையும் காக்கிறது. சாதாரண டிசிசிக்கு ரயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது; இரண்டு இன்ஜின்களை நேருக்கு நேர் விட்டால் மோதிக்கொள்ளும். டிசியில், மின்சாரம் நிறுத்திய பகுதிக்குள் நுழையும் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

தடம் பிரியும் இடமான பாயிண்டை மாற்றுவதில் இரண்டு முறையும் கைகோத்துக்கொள்கின்றன. டிசிசியிலும் பாயிண்டுக்கு எண் கொடுத்து, ஆணை அனுப்பும் கைக்கருவியால் மாற்றலாம். ஆனால் ரயில் நெருங்கும் நேரத்தில் எந்த எண் எந்தப் பாயிண்ட் என்று யோசிக்க நேரமிருக்காது. பேனலில் வரைந்த தடப்படத்தில், பிரியும் இடத்திலேயே பொத்தான் இருந்தால் கை தானாகப் போகும். பாயிண்டை நகர்த்துவது கம்பிச்சுருள் மோட்டாராக இருந்தால் பொத்தானைத் தொட்டவுடன் விட வேண்டும். அழுத்திப் பிடித்தால் சுருள் கருகிவிடும். கண்டென்சர் வழியாக மின்சாரம் கொடுத்தால் அந்தக் கவலையும் இல்லை.

ஆகவே கிள்ளான், தெலுக் பூலாய் போல இரண்டு நிலையம், ஒரே ஓட்டுநர் என்றால் டிசி பேனலே போதும். செலவும் கையைக் கடிக்காது. கே.எல். சென்ட்ரல் போலப் பல நடைமேடை வைத்து, நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு ரயில் ஓட்டுவதென்றால் டிசிசிக்குப் போகலாம். அப்போதும் பேனலைக் கைவிட வேண்டாம்: ரயில் கைக்கருவிக்கு, பாயிண்ட் பேனலுக்கு.