கடல் கடந்து மீண்ட கைத்தொழில்

மலிவான கூலியை நாடி ஒரு நாட்டின் கைத்தொழில் கடல் கடந்து செல்வதைச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகம் பரக்கக் கண்டது. சென்றது தாயகம் மீள்வதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் இதற்கு ஒரு சான்று.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் அங்கே வீட்டு மின்கருவிகள் செய்யும் மாபெரும் வளாகமொன்றை நிறுவியது. தனக்கெனத் தனி அஞ்சற் குறியீடே பெற்ற அவ்விடத்தில் 1973இல் ஏறத்தாழ 23,000 பேர் தொழில் புரிந்தனர். 2011இலோ மணிக்கூலித் தொழிலாளர் தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

அதுவரை சீனாவிலே செய்விக்கப்பட்டு வந்த நீர்சூடாக்கி ஒன்றின் உற்பத்தி 2012 பெப்ரவரியில் லூயிவிலுக்கு மீண்டது. சுற்றுக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி நீரைச் சூடாக்கும் கருவி அது. ‘ஜியோஸ்பிரிங்’ என்பது பெயர். சீனக் கூலியும் கப்பற் கட்டணமும் உயர்ந்தமை இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். வரிச்சலுகைகளும் துணைநின்றன. ஆயினும் நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. வரைபடத்தைத் தொழிலாளரும் பொறியியலாளரும் ஒன்றாயிருந்து ஆராய்ந்தபோது, உள்ளேயிருந்த செப்புக் குழாய்களின் சிக்கல் பற்றவைப்போருக்குப் பெருந்தொல்லை என்பது புலனாயிற்று. வரைந்தவர் ஒரு கண்டத்திலும் பற்றவைத்தவர் மற்றொரு கண்டத்திலும் இருந்த காலத்தில் இத்தொல்லை எவர் காதுக்கும் எட்டவில்லை! கருவியை மாற்றியமைத்தனர். உறுப்புகளில் ஐந்திலொன்று தேவையற்றதாகக் கழிந்தது. பத்து மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. 1,599 டொலராயிருந்த சில்லறை விலை 1,299 டொலராகத் தாழ்ந்தது.

எனினும், மீண்டு வந்த வேலை முன்னர்ப் போன வேலையன்று. தொழிற்சங்கம் உடன்பட்ட இருபடிச் சம்பள முறையின்படி, புதியோருக்கு மணிக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை டொலரே கிடைத்தது. பழைய தொடக்கக் கூலியிலும் அது ஏறத்தாழ எட்டு டொலர் குறைவு. பத்திரிகைகள் இவ்வேலை மீட்சியைக் கொண்டாடிய அளவுக்கு இதனைப் பேசவில்லை.

2016இல் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வீட்டுக் கருவிப் பிரிவு முழுவதையும் சீனத்து ஹையர் நிறுவனத்துக்கு விற்றது. அவ்வாண்டு முடிவில் அந்த நீர்சூடாக்கியின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. கதை அத்துடன் முடியவில்லை. சலவை இயந்திர உற்பத்தியைச் சீனாவிலிருந்து லூயிவிலுக்குக் கொண்டுவர 49 கோடி டொலர் முதலிடப்போவதாக 2025இல் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. அதனை வெளியிட்டது, சீன உடைமையாகிவிட்ட அதே பிரிவுதான்.