எஸ் மொழியின் கணக்குப்பிள்ளை

போன மாதம் ஒரு வாசகர் என் பழைய வரைபடம் ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தார். மூணு வருஷத்துக்கு முன்னால் ஆர் மொழியில் நான் வரைந்தது. ஸ்கிரிப்ட் இருக்கு, தரவுக் கோப்பும் இருக்கு. ஆனா ஓட்டினால் அதே எண் வரமாட்டேங்குது. நடுவில் ஏதோ ஒரு வரியை நேரடியா டைப் பண்ணிட்டு, ஸ்கிரிப்டில் சேர்க்காம விட்டிருக்கேன். எந்த வரி? தெரியல.

இந்த எரிச்சலில்தான் பழைய கட்டுரைகளைத் தேடிப் போனேன். இதற்கு 1988லேயே ஒரு விடை இருந்திருக்கு!

ஆருக்கு மூதாதை எஸ். 1976ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய மொழி. அதை உருவாக்கிய ரிச்சர்ட் பெக்கரும் ஜான் சேம்பர்ஸும் 1988ல் தரவுப் பகுப்பாய்வைத் தணிக்கை செய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் எஸ் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அந்தக் கட்டளை எந்தத் தரவைப் படித்தது, எதை மாற்றியது என்பதையும் குறித்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி. 'இந்த அட்டவணை எப்படி வந்தது?' என்று பிறகு கேட்டால், அதற்குக் காரணமான கட்டளைகளை மட்டும் பொறுக்கித் தரும்.

1990களில் நியூசிலாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை எழுதியபோது எஸ்ஸின் இலக்கணம் வந்தது, கணக்குப்பிள்ளை வரவில்லை. ஆரின் ஹிஸ்டரி கோப்பில் நாம் டைப் செய்தது மட்டும்தான் இருக்கும். எதிலிருந்து எது வந்தது என்ற தொடர்பு அதில் கிடையாது.

இது வெறும் சோம்பேறியின் புலம்பல் இல்லை. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை மரபணுவை வைத்துச் சொல்லலாம் என்று 2006ல் ட்யூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று எழுதியது. கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அந்தக் கணக்கை, துப்பறிவது போல, முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டிப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல்கள் ஒரு வரிசை தள்ளிப்போயிருந்தன! 2009ல் அதை வெளியிட்டார்கள். அதற்குள் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியிருந்தது. மூலக் கட்டுரை 2011ல் திரும்பப் பெறப்பட்டது.

இப்போதெல்லாம் முடிவை நம்புவதற்கு முன் ஆரை மூடிவிட்டு, புதிதாகத் திறந்து, ஸ்கிரிப்டை முதலிலிருந்து ஓட்டுகிறேன். கடைசி வரியில் செஷன்இன்ஃபோ. எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்புகள் என்று அது சொல்லிவிடும்.

அந்தப் பழைய வரைபடத்தின் கீழே ஒரு குறிப்பு போட்டுவிட்டேன்: 'இந்த எண்ணை என்னால் மறுபடி கொண்டுவர முடியவில்லை. நம்பாதீர்கள்.'