மானிப்பாய் டொக்டர் கிறீன்: ஊரில் நிற்கும் வைத்தியர்களை உருவாக்கப் பார்த்தவர்

1847ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது சமுவேல் பிஸ்க் கிறீனுக்கு 25 வயது நிறையும் தறுவாய். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரைச் சேர்ந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றவர். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவை உருவாக்கியவர்களில் முக்கியமானவராக அறியப்பட்டார். தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் வந்தது வட்டுக்கோட்டைக்கு. 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே அவர் நடத்திய சிகிச்சை நிலையமே இன்றைய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் தொடக்கம்.

மருத்துவத் தமிழின் முன்னோடி என்று கிறீனை நாம் அறிவோம். நாவற்குழிக்கும் மானிப்பாய்க்கும் இடையில் வளர்ந்த எங்கள் எழுத்துலகம் அவரை மறக்கவில்லை. கவிஞர் அம்பி 1967இலேயே 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதினார். ஆனால் அந்தத் தமிழ்ப்பணியின் பின்னால் ஒரு நிர்வாகக் கேள்வி இருந்தது. பயிற்சி கொடுத்த ஆளை எப்படி ஊரிலேயே நிற்க வைப்பது? இன்று இதற்கு மனிதவள முகாமைத்துவம் என்று பெயர் வைத்துப் பெரிய வைத்தியசாலைகளில் தனிப் பிரிவே நடத்துகிறார்கள். போரில் வைத்தியரும் தாதியரும் இல்லாமல் தவித்த எங்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கிறீனுக்கு முன்னரும் மிஷன் வைத்தியர்கள் இருந்தார்கள். டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இலிருந்து பண்டத்தரிப்பில் வேலை செய்தார். 1836இல் சென்னைக்கு மாறிப் போனார். வெளியிலிருந்து வரும் ஒருவரை நம்பி நடக்கும் சேவைக்கு உள்ள ஆபத்து இது. அவர் போனால் அவருடைய கைத்திறனும் கப்பலேறிவிடும். கிறீன் மானிப்பாயில் காலூன்றிய 1848ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கே காரணம். கொழும்பில் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது 1870இல். அதாவது 22 ஆண்டுகள் கழித்து.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. பையன்கள் நன்றாகவே படித்தார்கள். படித்து முடித்ததும் பலர் அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டணங்களுக்கும் போனார்கள். ஆங்கிலம் தெரிந்த வைத்தியனுக்கு இலங்கைத் தீவு முழுவதும் வேலை இருந்தது. நல்ல சம்பளமும் இருந்தது. உடுவிலிலோ சங்கானையிலோ காய்ச்சலுக்கும் கட்டுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு இருக்க அவனுக்கு என்ன தேவை?

இந்த இடத்தில் கிறீன் செய்தது குறிப்பிடத்தக்கது. போனவர்களை நன்றி கெட்டவர்கள் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பயிற்சி கொடுத்த முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று பார்த்தார். ஆங்கிலத்தில் படித்தவன் உடுப்பிலும் பழக்கத்திலும் ஊராருக்கு அந்நியனாகிவிடுகிறான். அவனுக்கு ஊர் பிடிக்காது, ஊருக்கும் அவனிடம் போகக் கூச்சம். ஆங்கிலேயரைப் போல் ஆகிவிட்ட தமிழரைவிட, வேட்டி சால்வையோடு தமிழராகவே இருக்கிற வைத்தியரே மக்களுக்கு வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1850களின் இறுதியில் தாயகம் போயிருந்த அவர், திருமணம் செய்துகொண்டு 1862இல் மனைவி மார்கரெட்டுடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் வகுப்பு தமிழுக்கு மாறியது.

தமிழில் படிப்பிக்க நூல் வேண்டும். அந்த வேலையில் ஒரு பகுதியை முன்னரே தொடங்கியிருந்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'வைத்தியாகரம்', அதே ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. சாப்மன், டான்வர்த் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள்; கிறீன் சரிபார்த்தார். பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம், இவர்கள் மிஷன் வழக்கப்படி ஆங்கிலப் பெயர் வைக்கப்பட்ட தமிழர்கள். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய மாற்றுவது என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். 'கெமிஸ்தம்' என்ற சொல் அப்படிப் பிறந்ததுதான். காதுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்யும் சொல்.

இங்கே பொறுப்புப் பகிரப்பட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். நேற்று மாணவனாக இருந்தவன் இன்று மொழிபெயர்ப்பாளன், நாளை ஆசிரியன். உடல்நிலை குன்றி 1873இல் கிறீன் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பிய பிறகும் நூல் வேலை நிற்கவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே 1884இல் இறக்கும் காலம் வரை அதைப் பார்த்தார். தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறிக்கச் சொன்னார்.

மானிப்பாயில் அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கிறீன் மதம் பரப்ப வந்தவர். வைத்தியம் அதற்கு ஒரு வழி என்பதை அவர் மறைத்ததில்லை. அதைவிட நெருடலான விஷயம் இன்னொன்று. ஆங்கிலம் இல்லாத வைத்தியன் ஊரில் நிற்பான் என்ற கணக்கில், அவனுக்கு வெளியே போகும் வாசல் குறுகிவிடுகிறது என்பதும் அடங்கியிருக்கிறது. விரும்பி நிற்பது வேறு, வேறு வழியில்லாமல் நிற்பது வேறு. ஆங்கில ஆட்சியில் ஆங்கிலமே சோறு போட்டது. தமிழில் படித்தவருக்கு அரசாங்கத்தில் சமமான மதிப்பும் உயர்வும் கிடைக்க ஏற்பாடு இருந்திருந்தால் இந்த முறை நிலைத்திருக்கக்கூடும். அது இல்லாததால் கிறீன் போனபின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை.

கொழும்பு மருத்துவப் பாடசாலை பிறந்த கதையிலும் எங்கள் மண்ணுக்குப் பங்கு உண்டு. பறங்கி நோயால் வன்னிக் கிராமங்கள் அழிந்துகொண்டிருந்தன. வட மாகாண அரச வைத்தியராக இருந்த டொக்டர் ஜேம்ஸ் லூஸ் அதை ஆராய்ந்து, உள்நாட்டவரை வைத்தியர்களாகப் பயிற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தார். பாடசாலை திறந்தபோது அதன் முதல் அதிபரும் அவரே. வன்னிக்கு வைத்தியர் இல்லை என்ற குறையிலிருந்து எழுந்த நிறுவனம் கொழும்பில், ஆங்கிலத்தில் அமைந்தது. அங்கே படித்துவிட்டு வன்னிக்குப் போக எத்தனை பேர் விரும்புவார்கள் என்பது அன்றைக்கே ஊகிக்கக்கூடியதுதான்.

கிறீனின் வகுப்பில் பெண்கள் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய பெண்களுக்கு அந்தக் குறை உயிர் போகிற குறை. மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் பணம் திரட்டியதன் பயனாக 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென்று எழுந்தது. உள்ளூர்ப் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற வழி திறந்தது. அதே மிஷன் அதே காலத்தில் ஒரு நல்ல வைத்தியரை வாசலிலேயே இழந்தது. கனடாவிலிருந்து 1896இல் இணுவில் பணிக்கென வந்த மேரி அயர்வின் ஒரு தமிழரை மணந்தவர் என்று தெரிந்ததும் மிஷன் அவரை வைத்துக்கொள்ளவில்லை. மேரி இரட்ணமாகக் கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவி, 1958இல் மக்சேசே விருதும் பெற்றார். தமிழரோடு தமிழராக வாழும் வைத்தியரைத் தேடிய மிஷனுக்கு, தமிழ்க் குடும்பத்தில் ஒருத்தியாகிவிட்ட வைத்தியர் வேண்டாதவராகிவிட்டார்!

ஊரில் நிற்கும் வைத்தியர் என்றால் என்ன என்பதைப் போர் எங்களுக்கு வேறு விதமாகக் காட்டியது. 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளர்களோடு 21 பணியாளர்களும் கொல்லப்பட்டனர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாதியரோடு கைகளை உயர்த்தியபடி, தாங்கள் யாரென்று சொல்லிக்கொண்டே வந்தபோது சுடப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். 2009இல் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை வைத்தியசாலையைத் தூக்கிக்கொண்டு மக்களோடு நகர்ந்த டொக்டர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் அரசாங்க வைத்தியர்கள். முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது தடுப்புக்காவல். அவர்களை அங்கே நிறுத்தியது சம்பளமோ சட்டமோ ஆக இருக்க முடியாது. ஆனால் ஒரு சுகாதார சேவையை ஒவ்வொரு நாளும் தியாகத்தை நம்பி நடத்தவும் முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. பயிற்சி உள்ளூரிலேயே கிடைக்கிறது. ஆயினும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. கடவுச்சீட்டு எடுப்பவரைக் குறை சொல்வது எளிது. நெடுங்கேணிக்கோ நெடுந்தீவுக்கோ இடமாற்றம் கிடைத்த ஒரு தாதியிடம் கேட்டால் வேறு கதை வரும். மழை ஒழுகாத விடுதி இருக்கிறதா? இரவுக் கடமை முடிந்து திரும்பப் பேருந்து உண்டா? பிள்ளைக்குப் பாடசாலை எங்கே? தெற்கிலிருந்து வந்த தாதிக்கு நோயாளியின் தமிழ் விளங்கவும், நோயாளிக்கு அவர் சொல்வது விளங்கவும் யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா? உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கஷ்டப் பிரதேச ஆண்டுகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் கூடும்போது புதிய ஸ்கேன் இயந்திரம் முதலில் பேசப்படுகிறது. ஆளணி விடயம் அநேகமாகக் கடைசியில், தேநீர் வந்த பிறகு.